கீழே ஷீட், மேலே கவர்: கடலோரக் குளங்களுக்குக் கேள்வி பதில்

சென்ற இதழில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி நீச்சல் குளத்தைப் பற்றி. கீழக்கரையிலிருந்து தொண்டி வரை இத்தனை வீட்டில் குளம் வெட்டியிருக்கிறார்களா என்று மலைத்துப்போனேன். சரி, இந்த முறை முழுக்க அதுதான். இறால் குட்டைகளுக்கு ஷீட் ஒட்டிப் பழகிய கை என்பதால் ஒரு பண்ணைக்குட்டைக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன்.

துபாயில் இருக்கும் என் மகன், இங்கே கட்டும் வீட்டில் 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழத்தில் நீச்சல் குளம் வேண்டும் என்கிறான். கொத்தனார் டைல்ஸ்தான் நிற்கும் என்கிறார். மகன் லைனர் போடச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது? எவ்வளவு ஷீட் வாங்க வேண்டும்?
– வாசகி, கீழக்கரை

மகன் பேச்சையே கேளுங்கள் அம்மா. ஆனால் கொத்தனாரை அனுப்பிவிடாதீர்கள், அவர் வேலை முதலில் இருக்கிறது.

நம் மண்ணில் உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும்போது சுவரில் மயிரிழை வெடிப்பு விழும். டைல்ஸ் குளத்தில் அந்த வெடிப்பு எங்கே என்று தேடுவதற்குள் பாதிக் குளத்தைப் பெயர்க்க வேண்டியிருக்கும். லைனர் என்பது சுவரோடு ஒட்டாமல் அதன்மேல் படிந்து நிற்கும் பி.வி.சி. ஷீட். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் இழுத்துக்கொடுக்கும். கிழிந்தால் கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் போதும், அதையும் தண்ணீருக்கு உள்ளேயே போடலாம்.

கடையில் மூன்று கனம் காட்டுவார்கள். அரை மி.மீ., முக்கால் மி.மீ., அப்புறம் நடுவில் பாலியஸ்டர் வலை வைத்த ஒன்றரை மி.மீ. அரை மி.மீ. நம் வெயிலுக்கு ஆகாது. கை தாங்கினால் வலை வைத்த ஒன்றரையை வாங்குங்கள், இல்லாவிட்டால் முக்காலுக்குக் கீழே இறங்காதீர்கள். வலை வைத்தது சுருளாக வரும். குளத்துக்குள்ளேயே வைத்துச் சூடு காட்டி ஒட்டுவார்கள். ஒட்டிய ஆளைப் போகவிடுவதற்கு முன் ஒரு மொட்டை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓரம் முழுக்க இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டாத இடத்தில் முனை உள்ளே நுழையும். நல்ல வேலைக்காரர் நீங்கள் சொல்லாமலே இதைச் செய்வார்.

அளவுக் கணக்கு எளிது. நீளத்தோடு இரண்டு பக்க ஆழம், மேலே மடிக்கப் பக்கத்துக்கு ஓரடி: 20 + 4 + 4 + 2 = 30 அடி. அகலம் 10 + 4 + 4 + 2 = 20 அடி. 600 சதுர அடி. சுருள்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பிடியுங்கள்.

நிறம் வெளிர் நீலமோ மணல் நிறமோ எடுங்கள். கருநீலம் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் வெயிலை உறிஞ்சும். அதைவிட முக்கியம், அடியில் ஒரு குழந்தை கிடந்தால் கருநீலத்தில் சட்டென்று கண்ணில் படாது.

இனி கொத்தனாருக்கு. பக்கத்தில்தானே கடல் என்று கடல் மணலை அள்ளிவந்து அடியில் பரப்ப விடாதீர்கள். சிப்பித் துண்டு ஒன்று போதும். சலித்த எம்-சாண்டும் சிமெண்டும் கலந்து வழவழப்பாகப் பூசி, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் என்னும் மெத்தை மாதிரியான செயற்கை இழைத் துணி, அதற்கு மேல்தான் ஷீட். வெறும் மண் தரையில் விரிப்பதாக இருந்தால் கோரைக்கிழங்கைக் கிண்டி எடுக்காமல் விரிக்கவே கூடாது. கோரை முளைக்கும்போது அதன் நுனி ஊசியாக நிற்கும். பி.வி.சி. ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்து, தண்ணீருக்குள் பச்சையாக இரண்டு இலை விட்டு நிற்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஷீட்டுக்குச் சொந்தக்காரரைத் தவிர மற்றவர்களுக்கு.

வீடு கடலோரத்திலேயே என்றால் இன்னொன்று. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பேசுகிறது. குழி தோண்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

மழைக்கு இடம் இருக்கட்டும் என்று புரட்டாசியிலேயே குளத்துத் தண்ணீரை இரண்டரை அடி இறக்கி வைத்தேன். ஐப்பசி மழையில் அடி ஷீட் நடுவில் ஒரு முழம் எழும்பி நிற்கிறது. மிதித்தால் இந்தப் பக்கம் அமுங்கி அந்தப் பக்கம் எழும்புகிறது. மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் பார்க்கலாமா?
– விடுதி நடத்துபவர், மண்டபம்

இறைக்காதீர்கள் அண்ணே. இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

மண்டபம் இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கும் மணல் மேடு. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் அடித்தால் அந்த ஊற்று இன்னும் மேலே வரும். குளத்துக்குள் நிற்கும் தண்ணீர் ஷீட்டைக் கீழே அமுக்குகிறது, வெளியே மண்ணில் நிற்கும் தண்ணீர் மேலே தள்ளுகிறது. எந்தப் பக்கம் மட்டம் உயர்ந்திருக்கிறதோ அதற்குத்தான் வெற்றி. வெளிமட்டம் ஓரடி உயர்ந்தால் ஒவ்வொரு சதுர அடி ஷீட்டையும் சுமார் 28 கிலோ மேலே தள்ளும். முக்கால் மி.மீ. ஷீட்டின் எடையோ ஒரு சதுர மீட்டருக்கே ஒரு கிலோ அளவுதான். எங்கே போய் நிற்கும்? நீங்கள் இரண்டரை அடி இறக்கியதுதான் அதற்கு வழிவிட்டது. மிச்சத்தையும் இறைத்தால் ஷீட் சுவரிலிருந்தே பிய்த்துக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது நேர் எதிரானது. முதலில் குளத்தில் தண்ணீரை ஏற்றுங்கள், விளிம்புக்கு ஒரு சாண் குறைய. அப்புறம் குளத்துச் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, குளத்தின் அடியைவிட ஓரடி ஆழமாக ஒரு குழி. அதில் ஆறு அங்குல பி.வி.சி. குழாயைப் பக்கமெல்லாம் கீறல் போட்டு, வலை சுற்றி நிறுத்தி, சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி கொட்டுங்கள். அந்தக் குழாய்க்குள் மோட்டாரை இறக்கி மண்ணின் தண்ணீரை இறையுங்கள். வருகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். மணல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு வலையைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் குளத்துக்கு அடியில் இருக்கும் மண்ணையே இறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வெளிமட்டம் இறங்கியதும் ஷீட் தானாகப் படியும், சுருக்கத்தோடு. சுருக்கத்தை உச்சி வெயிலில், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுங்கள். வெறுங்காலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி நடக்க வேண்டும். சூட்டில் பி.வி.சி. இளகும், பேச்சைக் கேட்கும்.

அந்தக் குழாயைப் பிடுங்கி எறியாமல் அப்படியே மூடி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் ஒரு குச்சியை விட்டால் வெளிமட்டம் தெரிந்துவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் தரை போடுவதற்கு முன்பே இதை வைத்துவிடலாம். செலவு சொற்பம்.

சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆவணி, புரட்டாசியில் நிலத்தடி நீர் அடிமட்டத்தில் கிடக்கும் நாளாகப் பார்த்து இறக்குங்கள். அப்போதும் அடியில் ஓரடித் தண்ணீர் இருக்கட்டும். வெயிலில் காய்ந்த பி.வி.சி. சுருங்கி விறைத்துக்கொள்ளும், மறுபடி நிரப்பும்போது மூலையில் பிளக்கும். சுத்தம் முடிந்த அன்றே நிரப்பிவிடுங்கள்.

எங்கள் ஹோம்ஸ்டேயில் 30-க்கு 15 அடிக் குளம். ஒருவர் கேட்லாக் காட்டி, சோப்புத் தண்ணீர்க் குமிழ்கள் மாதிரி இருக்கும் நீல பபிள் கவரை விற்றுவிட்டுப் போனார். தண்ணீர் வெந்நீராகிவிடுகிறது. கவரும் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, அரியமான்

கவர் நல்ல கவர்தான், ஊர்தான் தப்பு. குளிர் தேசத்தில் வெயிலைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்குவதற்காகச் செய்த சாமான் அது. அந்த கேட்லாகில் ஸ்வெட்டர் போட்டவர்கள் படம் இருந்திருக்குமே! நமக்குத் தண்ணீர் சூடாக வேண்டிய தேவை மார்கழியில்கூட இல்லை. நமக்குக் கவர் எதற்கு? ஆவியாகாமல் இருக்க, மணலும் கருவேல இலையும் விழாமல் இருக்க. இரண்டே வேலை.

ஆவிக் கணக்கைப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நாளுக்கு 6 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குளத்துக்கு அது 250 லிட்டர், மாதத்துக்கு 7,500 லிட்டர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் டேங்கர் லாரிக்குத்தான் காசு. கவர் முழுக்க மூடியிருக்கும் நேரத்தில் இந்த ஆவியில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுவிடும். அதனால் கவரே வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் புகாத, மேல்பக்கம் வெள்ளையோ வெள்ளி நிறமோ இருக்கும் கவருக்கு மாறுங்கள். வெயில் உள்ளே போகாது, பாசியும் குறையும், குளோரினும் மிஞ்சும். வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் கலக்காத தண்ணீரில் நண்பகல் வெயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் சயனூரிக் இருந்தால் போதும். டி.சி.சி.ஏ. என்னும் குளோரின் மாத்திரை போடுகிறவர்களுக்கு அதிலிருந்தே அது சேரும், தனியாகக் கொட்ட வேண்டாம்.

கவர் உதிர்வதற்குக் காரணம் நீங்கள் எழுதிய மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. கழற்றி மடித்து டைல்ஸ் தரையில் வெயிலில் போடுகிறீர்கள். குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்ளே சூடு கட்டிக்கொள்ளும். தண்ணீர்மேல் கிடக்கும்போது தாங்குகிற வெயிலை அங்கே தாங்காது. ஒருநாள் எடுத்துப் பார்த்தால் அப்பளமாக நொறுங்கும். அந்த நீலத் துணுக்குகள், மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையை அடைத்து, அதையும் தாண்டிப் பம்புக்குள் போகும். இருக்கிற கவரை ஓட்டும்வரை ஓட்ட நினைத்தால், குமிழ்ப் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்கட்டும். கழற்றினால் நிழலில் வையுங்கள், அல்லது மேலே ஒரு பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்துங்கள். தண்ணீர் சூடாக இருந்தால் விருந்தாளி வரும் முந்தின இரவு திறந்து விடுங்கள். கொஞ்சம் ஆவியாகும், ஆனால் குளிரும்.

குளோரின் அதிகமாகக் கொட்டிய நாளில் கவரைப் போடவே கூடாது. ஆவி மேலே போக வழியில்லாமல் கவரையும் அரிக்கும், நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் ஷீட்டையும் வெளுக்க வைக்கும். மாத்திரையை நேரடியாகக் குளத்தில் எறியும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். விழுந்த இடத்தில் வட்டமாக வெள்ளைத் தழும்பு விழும், அது போகவே போகாது.

கவர் போட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் விளையாடும்போது பயமில்லைதானே?
– ஒரு பாட்டி, தேவிபட்டினம்

பயம் அதிகம் அம்மா. மேலே நான் சொன்ன மிதக்கும் கவர் எதுவும் எடை தாங்காது. பிள்ளை தரை என்று நினைத்துக் கால் வைத்தால் கவர் அமுங்கி, அவனைச் சுற்றிக்கொண்டு மேலே மூடிவிடும். வெறும் தண்ணீரில் விழுந்தால் கை அடிப்பது தெரியும், இதில் அதுகூடத் தெரியாது.

பாதுகாப்புக் கவர் என்று தனியே ஒன்று உண்டு. சுற்றிலும் தரையில் ஆணி அடித்து, பட்டை போட்டு இழுத்துக் கட்டுவது. அமெரிக்கத் தரக் குறியீடான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1346 கேட்பது, ஐந்து சதுர அடிப் பரப்பில் 220 கிலோ தாங்க வேண்டும் என்று. வாங்கினால் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆனாலும் நான் முதலில் சொல்வது வேலி. நாலடி உயரம், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, தாழ்ப்பாள் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில். குளிக்கும்போது கவரை முழுக்கச் சுருட்ட வேண்டும். பாதி திறந்து பாதியில் குளிப்பது கூடவே கூடாது.

கவர்மேல் தேங்கும் மழைநீரையும் விட்டுவைக்காதீர்கள். கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மலேரியா நம் கடற்கரையைப் படுத்திய பாடு உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குண்டு மிளகாய்க்காக 20 மீட்டருக்கு 20 மீட்டர், 2 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினேன். நீலத் தார்ப்பாய் விரித்தேன், ஒரு கோடையில் கிழிந்துவிட்டது. ஆடு வேறு இறங்குகிறது. யூடியூபில் காட்டுகிற மாதிரி கறுப்புப் பந்து மிதக்கவிட்டால் தண்ணீர் ஆவியாகாதா?
– விவசாயி, சாயல்குடி

நீலத் தார்ப்பாய் நெல் காயப்போட. வெயிலில் கிடந்தே தீர வேண்டிய வேலைக்கு எச்.டி.பி.இ. என்னும் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு ஷீட்தான். கறுப்பாக இருப்பது கார்பன் கலந்ததால், அந்தக் கார்பன்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. 500 மைக்ரான், ஐ.எஸ். 15351 முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கரையை ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே வரும் சரிவில் வெட்டியிருந்தால் அடித்தரை 14 மீட்டர், சரிவு பக்கத்துக்கு 3.6 மீட்டர், மேலே வாய்க்கால் வெட்டிப் புதைக்கப் பக்கத்துக்கு ஒரு மீட்டர். கூட்டினால் 23.2 வரும், தளர்வோடு 24-க்கு 24 மீட்டர் ஷீட். இழுத்துப் பிடித்து விரிக்காதீர்கள். கரிசல் கோடையில் வெடிக்கும், வெடிக்கும்போது ஷீட்டையும் இழுக்கும். அதனால்தான் தளர்வு, அதனால்தான் குட்டையை ஒட்டக் காயவும் விடக் கூடாது.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் ட்யூப் ஒட்டும் சொல்யூஷன் எல்லாம் வேலைக்காகாது. எச்.டி.பி.இ. எந்தப் பசையையும் ஏற்காது, சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். பி.வி.சி.க்கும் இதற்கும் இதுதான் பெரிய வித்தியாசம்.

ஆட்டுக் குளம்பு ஷீட்டுக்கு எமன். வேலி போடுங்கள். அப்புறம் நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கட்டும். ஈரமான ஷீட் சரிவில் ஆடு மட்டுமல்ல, நீச்சல் தெரிந்த ஆம்பிளையும் ஏற முடியாது.

பந்து சமாச்சாரம் உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து நீர்த்தேக்கத்தில் 2015-ல் 9 கோடியே 60 லட்சம் பந்துகளை மிதக்கவிட்டார்கள். அவர்கள் முக்கியமாகத் தடுக்க நினைத்தது வெயில் பட்டுக் குடிநீரில் உருவாகும் ஒரு வேதிப்பொருளை. உங்கள் குட்டைக்கு அந்தப் பந்து விலையில் இன்னொரு குட்டையே வெட்டலாம். குட்டை வெட்டும்போது அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவதுதான் ஆவிக்கு மலிவான மருந்து.

தண்ணீர் குறைகிறது. ஆவியா, ஒழுகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – தொண்டி

குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்து, குளத்துத் தண்ணீரையே ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் வரும்படி பார்த்து இரண்டிலும் கோடு போடுங்கள். மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். கவரும் போடக் கூடாது. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் காற்றும் வெயிலும். குளம் மட்டும் அதிகம் இறங்கினால் ஒழுகல். மோட்டார் ஓடும்போது மட்டும் கூடுதலாக இறங்கினால் ஷீட்டை விட்டுவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

போர் தண்ணீர் நிரப்பிக் குளோரின் போட்டதும் ஷீட் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. ஷீட் மட்டமா? – தங்கச்சிமடம்

ஷீட்மேல் பழி போடாதீர்கள், தண்ணீரில் இரும்பு. மருந்துக்கடையில் வைட்டமின் சி மாத்திரை ஒன்று வாங்கிக் கறைமேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் மட்டும் வெளுத்தால் இரும்பேதான். குளோரினை இறங்கவிட்டு அஸ்கார்பிக் அமிலம் கலந்தால் மிச்சமும் போகும். கம்பி பிரஷ், மண் போட்டுத் தேய்ப்பது, பாத்ரூம் ஆசிட் மூன்றும் கூடாது. பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் நிற்கட்டும்.

கவர் கட்டும் கொக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் விற்றார்கள். துருப்பிடித்திருக்கிறதே? – பாம்பன்

304 ரகமாக இருக்கும். கடல் காற்றுக்கு 316 என்று எண் சொல்லிக் கேளுங்கள். பாம்பனில் அதையும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் குளத்தை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா? – இராமேஸ்வரம்

திறந்து. மிதக்கும் கவரைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு ஓட்டில் போடும். சுருட்டிக் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீரை இறக்காதீர்கள், காரணம் மண்டபத்துக்காரர் பதிலில் இருக்கிறது. புயல் முடிந்ததும் கிடக்கும் ஓலையையும் ஓட்டுத் துண்டையும் வலையால் இழுக்காமல் கையால் எடுங்கள், இழுத்தால் ஷீட் கீறும்.

கடல் பக்கத்தில் இருக்கிறதே, கடல் தண்ணீரையே நிரப்பினால் என்ன? – மூக்கையூர்

ஷீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பம்பு, ஏணி, விளக்கு மூன்றும் போகும். உப்புக் குளம் என்று விற்கும் இயந்திரங்கள் லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் உப்புக்குச் செய்தவை, கடலில் இருப்பது 35 கிராம். மாற்றும்போது அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் விட்டால் தென்னையும் கிணறும் கெடும். குளோரின் கலந்ததைத் திரும்பக் கடலில் விடலாமென்றால், எதிரே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா கிடக்கிறது, பவளத்துக்குக் குளோரின் விஷம். குளிக்கத்தான் ஆசை என்றால் நேராகக் கடலுக்கே போய்விடுங்கள், காசும் மிச்சம்.